ஒரே திறமையை இருமுறை எண்ணுதல்: பழைய பருவங்களுக்கான பேஸ்பால் ஆட்ட அட்டைகளை மதிப்பிடுவது எப்படி

ஒரு பேஸ்பால் வீரர் ஒரு பருவம் முழுவதும் ஆடியதைக் கைக்கு அடக்கமான ஓர் அட்டையில் எண்களாக எழுதிவைத்து, பகடையை உருட்டி, அந்தப் பருவத்தை மேசைமீது மறுபடியும் ஆடிப்பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் மூன்று தலைமுறைகளாக இருந்துவருகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரைச் சேர்ந்த கிளிஃபோர்ட் வான் பீக் 1920களில் காப்புரிமை பெற்ற ‘நேஷனல் பாஸ்டைம்’ என்ற ஆட்டம் இவ்வழக்கத்தின் முன்னோடி. அதை இளமையில் ஆடி வளர்ந்த டிக் சைட்ஸ், பென்சில்வேனியாவின் லான்காஸ்டரிலிருந்து 1951இல் ‘அப்பா’ என்ற ஆட்டத்தை விற்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் ‘அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் சங்கம்’ என்று பொருள்படும் நான்கு சொற்களின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். இடையில் 1941இல், ‘மேஜர் லீக்’ எனப்படும் பெருங்கழகங்களில் ஆடி ஓய்வுபெற்ற ஈதன் ஆலனின் பெயரில், வட்டத் தகடும் சுழலும் முள்ளும் கொண்ட ஓர் ஆட்டம் வந்தது. சிறுவனாக இருந்தபோதே இப்படியோர் ஆட்டத்தை வகுக்கத் தொடங்கி, பின்னர்க் கணிதம் படித்த ஹால் ரிச்மன், 80 அட்டைகளோடு 1961இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ இன்றுவரை விற்பனையில் இருக்கிறது.

நிறுவனங்கள் ஆண்டுதோறும் அப்போது முடிந்த பருவத்துக்கான அட்டைகளை வெளியிட்டன. தொடக்க காலத்தில் அணிக்கு ஏறத்தாழ 20 வீரர்களுக்கு மட்டுமே அட்டை கிடைத்தது; பருவத்தில் சில வாரங்களே ஆடியவர்கள் விடுபட்டார்கள். நிறுவனம் தொடங்குவதற்கு முந்தைய பருவங்களுக்கோ அட்டைகளே இல்லை. இந்த இடைவெளிகளை நிரப்பத்தான் ஆர்வலர்கள் தாங்களே கணக்கிட்டு அட்டைகள் செய்யத் தொடங்கினார்கள். விடுபட்ட ஒரு வீரருக்கு ஓர் அட்டை என்று தொடங்கிய இந்த வேலை, நாளடைவில் முழு அணிகளுக்கும் முழுப் பருவங்களுக்கும் விரிந்தது. இன்று கணினியின் துணையோடு, ஒரு பருவத்தின் அத்தனை வீரர்களுக்கும் ஒருவரே அட்டை செய்துவிட முடிகிறது. அப்படிச் செய்யப்பட்டவை நம்பத்தக்கவையா என்பதை எப்படி அறிவது என்ற கேள்விக்கு, ‘ஆடிப்பார்த்தால் தெரிந்துவிடும்’ என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. அந்த விடை போதாது. ஓர் அட்டையின் நேர்மை அதன் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கில் நேரும் பிழைகளுள் மிகப் பரவலானதும் மிக எளிதில் கண்ணுக்குத் தப்புவதும், ஒரே திறமையை இருமுறை எண்ணிவிடுவதாகும்.

இதைப் புரிந்துகொள்ள அட்டை இயங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் மூன்று பகடைகள் உருட்டப்படுகின்றன. நிறம் வேறுபட்ட ஒரு பகடை 1 முதல் 6 வரையுள்ள பத்திகளில் ஒன்றைக் காட்டுகிறது. முதல் மூன்று பத்திகள் மட்டையாளரின் அட்டையிலும், அடுத்த மூன்றும் பிட்சரின் அட்டையிலும் இருக்கின்றன. பிட்சர் என்பவர் பந்தெறிபவர். கிரிக்கெட்டின் பந்துவீச்சாளரைப் போலன்றி, அவர் பந்தைத் தரையில் குத்தவிடாமல் நேராக மட்டையாளரை நோக்கி எறிகிறார். மற்ற இரு பகடைகளின் கூட்டுத்தொகை, 2 முதல் 12 வரை, அந்தப் பத்திக்குள் எந்த வரி என்பதைச் சொல்கிறது. கூட்டுத்தொகை 7 ஆறு வழிகளில் விழக்கூடும். 2ஓ 12ஓ ஒரே ஒரு வழியில்தான் விழும். ஆகவே ஒரு பத்தியில் 36 வாய்ப்புகள், ஓர் அட்டையில் 108 வாய்ப்புகள், இரு அட்டைகளும் சேர்ந்து 216. மேசைமீது நிகழும் ஒவ்வொன்றிலும் சரிபாதி மட்டையாளருடைய அட்டையிலிருந்தும் சரிபாதி பிட்சருடைய அட்டையிலிருந்தும் வருகிறது. ‘அப்பா’வின் முறை வேறு: அங்கே மட்டையாளரின் அட்டையில் 36 முடிவுகள் இருக்க, பிட்சர் ஏ, பி, சி, டி என்ற தரத்தால் முக்கியமாகக் குறிக்கப்படுகிறார், உயர்தரப் பிட்சர் எறியும்போது மட்டையாளரின் சில அடிகள் அவுட்டாக மாறிவிடுகின்றன. எளிமையில் இதற்கு ஓர் அழகு உண்டு என்றாலும், கணக்கைச் சோதிக்க ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கின் முறையே வசதியானது. ஆர்வலர்கள் செய்யும் அட்டைகளில் பலவும் அந்த வடிவத்தைப் பின்பற்றுபவை.

சரிபாதி என்ற ஏற்பாட்டிலிருந்து ஒரு விதி தானாகப் பிறக்கிறது. ஒரு மட்டையாளரின் விகிதம், அவருடைய அட்டையின் விகிதத்துக்கும் அவர் எதிர்கொள்ளும் சராசரிப் பிட்சரின் அட்டை விகிதத்துக்கும் நடுவிலுள்ள எண்ணாகவே மேசைமீது வெளிப்படும். ஆகவே அவருடைய அட்டையில் எழுத வேண்டியது, உண்மை விகிதத்தின் இரு மடங்கிலிருந்து கழகத்தின் சராசரியைக் கழித்தால் கிடைக்கும் எண். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் 1968ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பருவத்தில் அவர் 664 முறை மட்டைபிடிக்க வந்து 119 முறை ‘வாக்’ பெற்றார். அதாவது, பிட்சர் நான்கு பந்துகளை இலக்குக்கு வெளியே எறிந்ததால், அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்துசெல்லும் உரிமையை அத்தனை முறை பெற்றார். இது நூற்றுக்கு ஏறத்தாழ 18. கழகச் சராசரியை நூற்றுக்கு 8 என்று வைத்துக்கொண்டால், அவருடைய அட்டைக்குரியது 36இலிருந்து 8 போக 28. 108 வாய்ப்புகளில் அது 30. இரு மடங்காக்கிக் கழிக்க மறந்து 18 விழுக்காட்டையே அட்டையில் எழுதினால் 19 வாய்ப்புகளே கிடைக்கும். மேசைமீது அவர் ஏறத்தாழ 13 விழுக்காட்டு வாக் மட்டுமே பெறுவார். அவரை அவராக்கிய பொறுமை அங்கே காணாமல் போய்விடும். ஓர் அட்டைத் தொகுதியை மதிப்பிட வருபவர் முதலில் செய்ய வேண்டியது இந்த எண்ணிக்கைதான்: மிகச் சிறந்த ஓரிருவரின் அட்டைகளையும் மிகப் பலவீனமான ஓரிருவரின் அட்டைகளையும் எடுத்து, வாக், ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளால் அவுட்டாதல்), ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) ஆகியவற்றின் வாய்ப்புகளை விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தல். நடுத்தர வீரர்களின் அட்டையில் இந்தப் பிழை தெரியாது. சராசரியின் இரு மடங்கிலிருந்து சராசரியைக் கழித்தால் சராசரியே மிஞ்சும். விளிம்பில் நிற்பவர்களிடம்தான் அது பிடிபடும்.

1968ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க பேஸ்பாலில் அது ‘பிட்சரின் ஆண்டு’ எனப்படுகிறது. அமெரிக்கன், நேஷனல் என்ற இரு பெருங்கழகங்களையும் சேர்த்த மட்டையாட்டச் சராசரி, அதாவது அடித்துத் தளம் சேர்ந்த முறைகளை, வாக் முதலியவை நீங்கலான மட்டைபிடி வாய்ப்புகளால் வகுத்த எண், 0.237ஆகத் தாழ்ந்தது. அமெரிக்கன் கழகத்தில் 0.300ஐத் தாண்டியவர் யஸ்ட்ரெம்ஸ்கி ஒருவரே, 0.301 என்ற எண்ணோடு அவர் முதலிடம் பெற்றார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பாப் கிப்சன், ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.12 ஓட்டம் என்ற சராசரியில் பருவத்தை முடித்தார். மறு ஆண்டே பிட்சர் நின்று எறியும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. ஸ்ட்ரைக்காகக் கொள்ளப்படும் பரப்பும் சுருக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஒரு பருவத்துக்கு அட்டை செய்பவர், எல்லா ஆண்டுகளுக்கும் பொதுவான ஒரு சராசரியைக் கழித்தால் அட்டை முழுவதும் கோணும். 1930இல் நேஷனல் கழகத்தின் ஒட்டுமொத்த மட்டையாட்டச் சராசரியே 0.303. அந்த ஆண்டில் அக்கழகத்தின் மட்டையாளர் பில் டெர்ரி எடுத்த 0.401ஐயும், 1968இல் யஸ்ட்ரெம்ஸ்கி எடுத்த 0.301ஐயும் அவரவர் கழகத்தோடு ஒப்பிட்டால், பார்வைக்குத் தெரியும் நூறு புள்ளி இடைவெளி பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. வெவ்வேறு பருவங்களின் அணிகளை ஒரே மேசையில் மோதவிட விரும்புகிறவர்களுக்கு, எந்தச் சராசரி கழிக்கப்பட்டது என்பதை அட்டை செய்தவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறாரா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கிப்சனின் அட்டையைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. அவர் அந்தப் பருவத்தில் 1161 மட்டையாளர்களுக்கு எறிந்து 11 ஹோம் ரன் மட்டுமே கொடுத்தார். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அவருடைய கழகத்தின் சராசரி நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை. இரு மடங்காக்கிக் கழித்தால், 108 வாய்ப்புகளில் அவருக்குரியது அரை வாய்ப்புக்கும் சற்றுக் குறைவு. அரை வாய்ப்பை அட்டையில் எழுதுவதற்காகவே இருபது வரையிலான எண்களைக் கொண்டு முடிவைப் பிரிக்கும் முறை ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் இருக்கிறது: கூட்டுத்தொகை 2 அல்லது 12 விழும் ஒரு வரியில், 1 முதல் 9 வரை வந்தால் ஹோம் ரன், 10 முதல் 20 வரை வந்தால் உயரே எழும்பிப் பிடிபடும் பந்து என்று எழுதப்படும். ஒரே ஒரு வரி, அதிலும் பாதிக்கும் குறைவு. கிப்சனின் அட்டையிலிருந்து ஹோம் ரன் எழ அவ்வளவே இடம். கவனமாகச் செய்யப்பட்ட ஓர் அட்டையை அடையாளம் காண இப்படிப்பட்ட ஒரு வரி போதும். வசதிக்காக முழு வாய்ப்பாக உயர்த்தியோ, ஒன்றுமில்லாமல் விட்டோ செய்தவர், மற்ற இடங்களிலும் அப்படித்தான் செய்திருப்பார்.

ஆனால் இதே அட்டையில்தான் இருமுறை எண்ணும் பிழை ஒளிந்துகொள்ளும் இடமும் இருக்கிறது. கிப்சன் அந்த ஆண்டில் 198 அடிகளை மட்டுமே கொடுத்தார். மேலே சொன்ன விதிப்படி அவருடைய 108 வாய்ப்புகளில் அடிகளுக்குரியவை ஏறத்தாழ 13 மட்டுமே. இந்தக் குறைவு முழுவதும் அவருடைய கையிலிருந்து வந்ததன்று. அவருக்குப் பின்னால் ஷார்ட்ஸ்டாப் இடத்தில், அதாவது இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில், டால் மாக்ஸ்வில் நின்றார். நடு வெளிக்களத்தில் கர்ட் ஃப்ளட் நின்றார். இருவரும் அந்த ஆண்டில் தத்தம் இடத்துக்கான சிறந்த களத்தடுப்பாளர் விருதான ‘தங்கக் கையுறை’யைப் பெற்றவர்கள். பிட்சரின் அட்டையில் ஒரு பகுதி வாய்ப்புகள் களத்தடுப்பாளருக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பந்து அவரிடம் போகிறது. அவருக்கு 1 முதல் 5 வரை கொடுக்கப்பட்டிருக்கும் தர எண்ணைப் பொறுத்து அது அவுட்டாகிறது அல்லது அடியாகிறது. 1 மிகச் சிறந்தது, 5 மிக மோசமானது. ஷார்ட்ஸ்டாப்புக்கே இதில் பெரும் பங்கு. அட்டை செய்பவர் களத்தில் நடுத்தரமானவர்கள் நிற்பதாகக் கருதி, அவர்கள் விடக்கூடிய அடிகளைக் கழித்துவிட்டு மீதியைக் கிப்சனின் பெயரில் எழுதினால், மேசைமீது மாக்ஸ்விலும் ஃப்ளட்டும் வந்து நிற்கும்போது, முன்பே அவர்களால் குறைந்திருந்த அடிகள் இன்னொரு முறை குறையும். கிப்சன் 1.12ஐவிடவும் தாழ்ந்துவிடுவார். வரலாற்றிலேயே அரிதான ஒரு பருவத்தை இன்னும் அரிதாக்கிக் காட்டும் அந்த அட்டை, பார்ப்பவரை மகிழ்விக்கலாம். ஆனால் அது மாக்ஸ்விலின் உழைப்பை எடுத்துக் கிப்சனுக்குக் கொடுத்த அட்டை. இதைச் சிறிய குறையாக ஒதுக்கிவிட முடியாது. உண்மையாக அவருடன் நின்றவர்களின் தரத்தை வைத்தே அந்தக் கழித்தலைச் செய்திருக்க வேண்டும்.

2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர், மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து அடியாகுமா அவுட்டாகுமா என்பதில் பிட்சருக்குள்ள பங்கு பலரும் நினைத்ததைவிட மிகக் குறைவு என்று எழுதியபோது, பேஸ்பால் உலகம் முதலில் நம்ப மறுத்தது. பின்வந்த ஆய்வுகள் அந்தக் கருத்தைச் சற்றுத் தளர்த்தினவே தவிர, தள்ளிவிடவில்லை. அட்டைகளைப் பொறுத்தவரை அதன் பொருள், பிட்சருக்குரியதையும் களத்தடுப்பாளருக்குரியதையும் பிரிப்பது வெறும் நுணுக்கமன்று, அட்டையின் அடித்தளமே அது என்பதுதான்.

மைதானத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். பாஸ்டனின் ஃபென்வே பூங்கா அடிகளுக்கு உகந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் டாட்ஜர் மைதானம் பிட்சருக்கு உகந்தது. ஒரு மட்டையாளர் தன் ஆட்டங்களில் பாதியைச் சொந்த மைதானத்தில் ஆடுகிறார். அங்கே கிடைத்த ஆதாயம் அவருடைய பருவக் கணக்கில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்காமல் அட்டை செய்துவிட்டு, மைதானத்துக்கென்று தனி விதியையும் சேர்த்து ஆடினால், ஃபென்வே பூங்கா யஸ்ட்ரெம்ஸ்கிக்கு இருமுறை உதவும்.

தர எண்கள்தாம் அட்டை செய்பவரின் சொந்தத் தீர்ப்பு மிக வெளிப்படையாகத் தெரியும் இடம். வாக்கையும் ஸ்ட்ரைக் அவுட்டையும் எண்ணிவிடலாம். ஒருவர் ஷார்ட்ஸ்டாப்பில் 2ஆ 3ஆ என்பதற்கு அப்படியொரு கணக்கு எளிதில் கிடைப்பதில்லை. டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் மிக்கி ஸ்டான்லி இதற்கு நல்ல உதாரணம். 1968இல் அவர் நடு வெளிக்களத்தில் தங்கக் கையுறை பெற்றவர். அணியின் ஷார்ட்ஸ்டாப்பான ரே ஆய்லர் அந்தப் பருவத்தில் 215 வாய்ப்புகளில் 29 அடிகள், அதாவது 0.135 மட்டுமே எடுத்திருந்தார். காயத்திலிருந்து மீண்ட ஆல் கேலைனுக்கு வெளிக்களத்தில் இடம் வேண்டும் என்பதால், மேலாளர் மேயோ ஸ்மித் பருவத்தின் கடைசி நாட்களில் ஸ்டான்லியை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்திப் பார்த்து, இரு கழகங்களின் வாகையர் மோதும் உலகத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் அங்கேயே நிறுத்தினார். டைகர்ஸ் வென்றது. இந்தத் தொடரை மேசைமீது மறுபடி ஆட விரும்புகிறவருக்கு, ஷார்ட்ஸ்டாப்பில் ஸ்டான்லிக்கு ஒரு தர எண் இருந்தே ஆக வேண்டும். 3 கொடுப்பவர் அவர் தடுமாறாமல் சமாளித்ததை மதிக்கிறார். 4 கொடுப்பவர் இவ்வளவு குறைந்த ஆட்டங்களை வைத்து ஒருவரை நடுத்தரம் என்று சொல்லத் தயங்குகிறார். இரண்டுக்கும் காரணம் சொல்ல முடியும். ஆனால் வெளிக்களத்தில் அவருக்கிருந்த 1ஐ அப்படியே ஷார்ட்ஸ்டாப்புக்குக் கொண்டுவந்து ஒட்டுபவருக்குக் காரணமே இல்லை. மேலாளர் துணிந்து ஏற்றுக்கொண்ட ஆபத்தை அவர் அட்டையிலிருந்து அழித்துவிடுகிறார். அந்த ஆபத்து இல்லாத 1968 உலகத் தொடர் வேறு ஏதோ ஒரு தொடர்தான்.

இனி, ஆடிப்பார்த்துச் சோதிக்கும் முறைக்கு வரலாம். பருவம் முழுவதையும் மேசைமீது ஆடி முடித்து, கிடைத்த எண்களை உண்மை எண்களோடு ஒப்பிட்டு, ‘யஸ்ட்ரெம்ஸ்கி 0.283தான் எடுத்தார், ஆகவே அட்டை தவறு’ என்று முடிவுகட்டும் மதிப்புரைகள் நிறைய எழுதப்படுகின்றன. 539 வாய்ப்புகளில் 162 அடிகள் எடுக்க வேண்டிய ஓர் அட்டை, கணக்கில் சிறிதும் பிழையில்லாவிட்டாலும், பகடையின் இயல்பான ஏற்ற இறக்கத்தால் ஏறத்தாழ 11 அடிகள் கூடவோ குறையவோ செய்யும். மூன்று முறையில் ஒரு முறை அந்த எல்லையையும் தாண்டும். 0.280 முதல் 0.320 வரை எது வந்தாலும் அதைக் கொண்டு அட்டையைக் குறை சொல்ல முடியாது. அணிகளுக்கும் அப்படியே: 103 ஆட்டங்கள் வென்ற 1968 டைகர்ஸ், மேசைமீது 97 வென்றாலும் 109 வென்றாலும் அட்டைகள் பொய் சொல்லவில்லை. ஒரே பருவத்தைக் கணினியில் நூறு முறை ஓடவிட்டுச் சராசரி எடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அதன் பிறகும் ஒருவருடைய எண் தள்ளியே நின்றால் அப்போது அட்டையைச் சந்தேகிக்கலாம். மேசைமீது ஒரே ஒரு முறை ஆடிமுடிக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தவரின் முயற்சியை இது குறைத்துப் பேசுவதாகாது. அவர் பெற்றது ஓர் அனுபவம். அது சோதனையாக ஆகாது என்பது மட்டுமே இங்கே சொல்ல வருவது.

அட்டையின் பிழையையும் ஆடுபவரின் பிழையையும் கலந்துவிடக் கூடாது என்பதும் இங்கே சேர வேண்டும். அதே டைகர்ஸ் அணியின் கேட்ஸ் பிரவுன், பெரும்பாலும் வேறொருவருக்குப் பதிலாக ஒரு முறை மட்டைபிடிக்க வந்து போகிறவர். 92 வாய்ப்புகளில் 34 அடிகள் எடுத்து 0.370 என்று பருவத்தை முடித்தார். அவருடைய அட்டை அந்த 92 வாய்ப்புகளை உண்மையாகச் சொல்கிறது. அவரைத் தினமும் இறக்கி, 500 வாய்ப்புகள் கொடுத்து, கழகத்தின் முதல் மட்டையாளராக்கிவிட்டு அட்டை மிகையானது என்று எழுதுவது நியாயமன்று. எத்தனை முறை ஆடினார் என்ற எண்ணை அட்டையிலேயே அச்சிட்டு, அந்த அளவைத் தாண்டக் கூடாது என்று விதி சேர்ப்பவர்கள் இந்தச் சிக்கலை அறிந்தவர்கள்.

பழைய பருவங்களுக்கு அட்டை செய்யும் வேலையை மாற்றியது ரெட்ரோஷீட். டெலவேர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பித்த டேவிட் ஸ்மித் 1989இல் தொடங்கிய இந்தத் தன்னார்வ அமைப்பு, அணிகளிடமும் செய்தியாளர்களிடமும் இருந்த ஆட்டக் குறிப்பேடுகளைத் தேடித் திரட்டி, பழைய ஆட்டங்களை நிகழ்வு நிகழ்வாகப் பதிவு செய்தது. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 1972 முதல், இடக்கைப் பிட்சருக்கு எதிராகவும் வலக்கைப் பிட்சருக்கு எதிராகவும் ஒரே வீரர் எப்படி ஆடுகிறார் என்பதைத் தனித்தனிப் பத்திகளில் காட்டத் தொடங்கியிருந்தது. அதைப் பழைய பருவத்துக்குச் செய்யும்போது முன்பு ஊகமே துணை. இப்போது பல பருவங்களுக்கு எண்ணியே எழுத முடிகிறது. இரு பக்கங்களையும் உரிய எடையோடு சேர்த்தால் முழுப் பருவத்தின் எண் வருகிறதா என்று பார்த்தாலே ஊகம் எங்கே நுழைந்தது என்பது தெரிந்துவிடும்.

பதிவுகள் இவ்வளவு நிறைவாக இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வியைக் கறுப்பினக் கழகங்களின் அட்டைகள் எழுப்புகின்றன. 1947 வரை தோலின் நிறத்தால் பெருங்கழகங்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த வீரர்களின் கழகங்கள் அவை. அவற்றின் ஆட்டங்கள் பலவற்றுக்கு, ‘பிட்ஸ்பர்க் கூரியர்’, ‘சிகாகோ டிஃபெண்டர்’ போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் அச்சிட்ட ஆட்டச் சுருக்கங்களே சான்று. அவற்றை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்தார்கள். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 2009இல் இவ்வீரர்களுக்கு ஒரு தொகுதி வெளியிட்டது. 2020 டிசம்பரில் பெருங்கழக நிர்வாகம் 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பினக் கழகங்களைப் பெருங்கழகங்களாக ஏற்றது. 2024 மே மாதத்தில் அவற்றின் கணக்குகளும் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேர்ந்தன. கறுப்பினக் கழகங்களில் ஆடிய மட்டையாளர் ஜாஷ் கிப்சனின் வாழ்நாள் மட்டையாட்டச் சராசரியான 0.372, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் எண்ணைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. 1943இல் அவர் எடுத்த 0.466 ஒரு பருவத்துக்கான மிக உயர்ந்த எண்ணாயிற்று.

இந்த 0.466ஐ அட்டையாக்க அமர்பவர் மேலே கண்ட எல்லாக் கேள்விகளையும் ஒருசேரச் சந்திக்கிறார். வெள்ளையர் கழகங்கள் அப்போது ஆடிய 154 ஆட்டங்களுக்கு இங்கே பதிவான ஆட்டங்கள் மிகக் குறைவு. ஆகவே எண்ணின் ஏற்ற இறக்கம் பெரிது. அதற்காக எண்ணைச் சராசரியின் பக்கம் இழுத்து எழுதுவது புள்ளியியலில் ஏற்கப்பட்ட வழி. ஆனால் எந்தச் சராசரியின் பக்கம் என்பது முக்கியம். அந்தக் கழகத்தின் சராசரியை விட்டுவிட்டு, ‘தரம் குறைந்த கழகம்’ என்று தானே கருதிக்கொண்டு இன்னொரு தள்ளுபடியையும் சேர்ப்பவர், வாழ்நாள் முழுவதும் அந்த வீரருக்கு மறுக்கப்பட்டதை அட்டையிலும் மறுக்கிறார். மைதானக் கணக்கோ இங்கே எதிர்த்திசையில் திரும்புகிறது. ஜாஷ் கிப்சனின் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி தன் ஆட்டங்களில் பலவற்றை வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தில் ஆடியது. வலக்கை மட்டையாளரான அவர் பந்தை இழுத்தடிக்கும் இடப்புறத்தில், அந்த மைதானத்தின் வேலி மிகத் தொலைவில் இருந்தது. அந்தத் தொலைவைத் தாண்டியும் தாண்டாமலும் போன பந்துகள் அவருடைய எண்ணிக்கையில் முன்பே கலந்திருக்கின்றன. அதைப் பிரிக்காமல் அட்டை செய்து, கிரிஃபித் மைதானத்தின் விதியையும் சேர்த்து ஆடினால், அந்த வேலி அவரிடமிருந்து இரண்டாம் முறையும் ஹோம் ரன்களைப் பறிக்கும். அவருடைய அட்டையைக் கையில் எடுக்கும் மதிப்பீட்டாளர், ஹோம் ரன் வாய்ப்புகளை எண்ணுவதற்கு முன்பே, மைதானத்தின் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்தாக வேண்டும்.